மனைவி இறந்த திருப்பம்

ஒரு முடிவு எடுத்தேன். இனி என் தொழிலில் என் மனைவி ஆர்கிரோவின் கை இருக்கக் கூடாது. கை என்றால் சமையல் கை.

என் பெயர் ஸ்ட்ராட்டிஸ். கிரீட் தீவின் தெற்குக் கரையில் வழிகாட்டி. சனிக்கிழமை காலையில் வெளிநாட்டுக்காரர்களை, எட்டுப் பேருக்கு மேல் போகாமல், துறைமுகச் சதுக்கத்தில் சேர்த்துக்கொண்டு, பழைய கழுதைப் பாதை வழியாக மலைமேல் இருக்கும் அனோ மெலீசி கிராமத்துக்கு நடத்திப் போவேன். மூன்று மணி நேரம் ஏற்றம். மேலே சாப்பாடு. மாலை பஸ்ஸில் இறக்கம். பத்தொன்பது வருஷமாக இதே பாதை, இதே வியர்வை.

அனோ மெலீசி ஆர்கிரோ பிறந்த ஊர். அங்கே அவள் அப்பா விட்டுப்போன வீடு இருக்கிறது. வெள்ளிக்கிழமையே மேலே போய் அடுப்பை மூட்டிவிடுவாள். நாங்கள் நாக்குத் தள்ளப் போய்ச் சேரும்போது முற்றத்தில் மேஜை தயாராக இருக்கும். அந்த ஊரில் எனக்குப் பெயரே கிடையாது. ஆடு மேய்ப்பவனிலிருந்து பாதிரியார் வரை எல்லாருக்கும் நான் "மாப்பிள்ளை". அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஹோட்டல் வரவேற்பறையில் கிடக்கும் அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான். நடந்துவிட்டு வந்தவர்கள் அதில் கருத்து எழுதுவார்கள்.

"மலை அழகு. பாதை மோசம். வழிகாட்டி வாயை மூடுவதில்லை. ஆர்கிரோவின் ஆட்டுக்கறிக்காக இன்னொரு தடவை ஏறுவேன்." இது ஒரு ஜெர்மன்காரர்.

"வழிகாட்டியின் பெயர் மறந்துவிட்டது. ஆர்கிரோவுக்கு என் முத்தங்கள்." இது ஒரு ஸ்வீடன்காரி.

மூன்று மணி நேரம் தொண்டை வறள வரலாறு சொன்னவன் நான். முத்தம் ஆட்டுக்கறிக்கு.

அன்று சாயங்காலமே ஆர்கிரோவிடம் பேச்சை எடுத்தேன்.

"இனிமே சனிக்கிழமைக்கு நீ மேலே போக வேண்டாம்."

"ஏன்?"

"வர்றவங்க எல்லாம் பொட்டலச் சாப்பாடுதான் வேணுங்கறாங்க. எண்ணெய் ஆகாதாம். கறி ஆகாதாம். பாலாடைக்கட்டியப் பார்த்தாலே தும்மல் வருதாம்."

"எட்டுப் பேருக்குமா?"

"எட்டுப் பேருக்கும்."

"ஒரே வாரத்துலயா?"

"காத்துல பரவுதுன்னு வெச்சுக்கயேன்."

"அப்படியா," என்றாள். பிறகு, "சமையல் இல்லேன்னா நான் சும்மாதானே இருப்பேன். உன்கூட நடந்து வரட்டுமா ஒரு நாள்?" என்றாள்.

"அந்தப் பாதையில உனக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

"பாதை தெரியும். நீ அங்க என்ன பேசறேன்னு தெரியாது."

"முட்டி வலிக்கும்," என்றேன். பேச்சு முடிந்தது. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஒரு பேச்சு முடிந்தால் அதைத் திரும்ப ஆரம்பித்துவைக்க வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை முதல் சாப்பாடு மனூசோஸின் காப்பிக்கடையில். மனூசோஸ் எனக்குச் சிநேகிதன், சமையலுக்கு விரோதி. காய்ந்த ரொட்டி, ஆலிவ், டப்பா மத்தி மீன். அவ்வளவுதான் அவன் விருந்து. சாப்பாடு எவ்வளவு மட்டமோ அவ்வளவு தூரம் என் பேச்சு எடுபடும் என்பது என் கணக்கு.

கணக்கு முதல் நாளே வேறு பக்கம் போனது. பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் என் எதிரில் உட்கார்ந்து, "உங்கள் மனைவி என்ன செய்கிறார்?" என்று கேட்டாள். அப்போது என் வாயில் மத்தி. பதில் சொல்ல அவசரப்பட்டேன். முள் தொண்டையில் குத்தி நின்றது. மூச்சு இல்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு இன்னொரு கையை 'இல்லை, இல்லை' என்று ஆட்டினேன்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ! எப்போது?" என்றாள்.

முள் இறங்கியபோது எட்டுப் பேரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு விருந்தாளியும் என் கையைப் பிடித்ததில்லை. அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. மறுக்க மனம் வரவில்லை. இப்படியாக ஒரு மத்தி முள் என் மனைவியைக் கொன்றது.

இரண்டாவது வாரம் அவளுக்கு ஒரு வியாதி கொடுத்தேன். வியாதி சோபிக்கவில்லை. மூன்றாவது வாரம் மழையில் வழுக்கி விழவைத்தேன். நான்காவது வாரம் ஒரு ஆட்டுக்குட்டி சேர்ந்தது; அதைக் காப்பாற்றப் போய்தான் விழுந்தாள். ஐந்தாவது வாரம் கீழே இரும்புக்கடைக்குப் போய், விபத்தில் செத்தவர்களுக்காக எங்கள் ரோட்டோரங்களில் வைப்பார்களே, காலில் நிற்கும் தகரக் கோயில், கண்ணாடிக் கதவும் எண்ணெய் விளக்கும் வைத்தது, அதில் ஒன்று வாங்கினேன்.

"யாருக்கு?" என்றான் கடைக்காரன்.

"ஒரு ஆட்டுக்கு," என்றேன்.

பாதையின் ஏழாவது திருப்பத்தில் நட்டேன். நடையில் அதுதான் திருப்பம். கதையிலும் அதுதான் திருப்பம். அங்கே வந்ததும் குரலைத் தணிப்பேன். விருந்தாளிகள் காட்டுப்பூ பறித்து வைப்பார்கள். ஹோட்டல் நோட்டில் என் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் வர ஆரம்பித்தது. "ஸ்ட்ராட்டிஸ்! எப்பேர்ப்பட்ட கணவர்!" என்று எழுதினாள் ஒருத்தி. அதை நான் நாலு தடவை படித்தேன். அதே நாள் வீட்டில் எப்பேர்ப்பட்ட கணவருக்கு ஆர்கிரோ பீன்ஸ் சூப் ஊற்றினாள். உப்பு குறைவு என்று சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அப்படிச் சொல்வது பழக்கம்.

ஏழாவது வாரம் ஹோட்டல் பெண் கொடுத்த பட்டியலில் எட்டாவது பெயர்: ஆ. வர்தாக்கி, ஏதென்ஸ். என் மாமனார் குடும்பமும் வர்தாக்கிஸ்தான்; பெண்ணுக்கு அது வர்தாக்கி. இந்தத் தீவில் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்புகிற பெயர். நான் கவனிக்கவில்லை.

காலையில் சதுக்கத்தில் ஏழு பேர் வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி இங்வில்ட். நார்வேக்காரி, ஆறடி உயரம், நாற்பது வருஷம் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஹோட்டல் நோட்டைப் படித்துவிட்டு வந்திருந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்கள் ஆர்கிரோவுக்காக ஒரு மெழுகுவர்த்தி கொண்டு வந்திருக்கிறேன். திருப்பத்தில் ஏற்றலாமா?" என்றாள். மற்ற ஆறு பேரும் தலை குனிந்து நின்றார்கள்.

அப்போது எட்டாவது ஆள் வந்தது. புது பூட்ஸ். கைத்தடி. தொப்பி. கறுப்புக் கண்ணாடி. ஆர்கிரோ.

"குட் மார்னிங்," என்றாள் இங்கிலீஷில். "நான்தான் வர்தாக்கி. தாமதம் ஆயிடுச்சா?"

ஆர்கிரோவுக்கு இங்கிலீஷில் 'சாப்பிடு', 'இன்னும் கொஞ்சம்' என்ற இரண்டு வார்த்தைதான் தெரியும் என்று பத்தொன்பது வருஷமாக நம்பியிருந்தேன். அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் எங்கள் மொழியில் கிசுகிசுத்தேன்.

"ஆர்கிரோ, என்ன கூத்து இது?"

"யாரு ஆர்கிரோ? செத்துப் போனாங்களே, அவங்களா?"

"வீட்டுக்குப் போ."

"டிக்கெட் வாங்கியிருக்கேன் சார். நீங்க வழிகாட்டிதானே? காட்டுங்க."

என்னை அவள் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். இங்வில்ட் மெழுகுவர்த்தியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். என்னவென்று சொல்வது? 'இவள்தான் அவள், மழையில் விழுந்தவள், இப்போது காய்ந்துவிட்டாள்' என்றா?

நடந்தோம். நடைப்பயணத்துக்கு டிக்கெட் வாங்கி வந்த ஒரே நடைப்பிணம் என் மனைவிதான்.

மாதா கோயிலருகில் வழக்கம்போல ஆரம்பித்தேன். "இந்தக் கோயில் எண்ணூறு வருஷம் பழசு."

"வாசல்ல ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணுன்னு செதுக்கியிருக்கே சார்?"

"அது… பெயின்ட் அடிச்ச வருஷம்."

"கல்லுல பெயின்டா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். இங்வில்ட் மட்டும் தன் நோட்டை எடுத்து எதையோ திருத்தினாள்.

ஊற்றருகில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது ஆர்கிரோ எனக்கு எதிர்க் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்களைப் பத்தி சொல்லுங்களேன். நல்லா சமைப்பாங்களா?"

"ம்… சமைப்பா."

"சுமாராவா?"

எட்டு ஜோடிக் கண். "நல்லாவே சமைப்பா. இந்த மலையிலேயே அவளை மாதிரி கிடையாது."

"மலையில மட்டுமா?"

"கிரீட்லயே."

"கிரீட்ல மட்டுமா?"

"உலகத்துலயே!" என்று கத்தினேன்.

"எழுதிக்கோங்க," என்றாள் இங்வில்டிடம். அந்தப் பாவி மனுஷி எழுதிக்கொண்டாள்.

"பார்க்க எப்படி இருப்பாங்க?"

"அழகா."

"எந்த மாதிரி?"

நான் அவளைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரிந்தது. "கண்ணு அழகு," என்றேன். "சிரிச்சா இடது கன்னத்துல ஒரு சின்னக் குழி விழும். கல்யாணத்தன்னிக்கு அதைப் பார்த்துக்கிட்டே பாதிரியார் கேட்டதுக்குப் பதில் சொல்ல மறந்துட்டேன்."

இது கதையில் இல்லாதது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

ஆர்கிரோ கைத்தடியால் மண்ணைக் கிளறினாள். பிறகு மெதுவாக, "இதையெல்லாம் அவங்ககிட்ட என்னிக்காவது சொன்னீங்களா?" என்றாள்.

"இல்லை," என்றேன். ஏழு வாரத்தில் அந்தப் பாதையில் நான் தெரிந்தே சொன்ன முதல் உண்மை.

திருப்பத்துக்கு வந்தோம். தகரக் கோயிலைச் சுற்றிப் போன வாரத்துப் பூ வாடிக் கிடந்தது. நான் குரலைத் தணிக்கத் தேவையே இல்லை; தானாகவே எழும்பவில்லை. ஆர்கிரோ ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

"இங்கிருந்தா விழுந்தாங்க?"

"ஆமா."

"முழங்கால் ஆழம்தானே இருக்கு?"

"அன்னிக்கு மழை."

"ஆட்டுக்குட்டி?"

"பிழைச்சுக்கிச்சு."

"நல்லவேளை. கடைசியா என்ன சொன்னாங்க?"

இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. நாலு வாரமாக அந்த இடத்தில்தான் எல்லாரும் அழுவார்கள். "'ஸ்ட்ராட்டிஸ், வேளாவேளைக்கு சாப்பிடு'ன்னு சொன்னா."

அப்போது அவள் கண்ணாடியைக் கழற்றினாள். உள்ளே சிரித்துக்கொண்டிருப்பாள் என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"சாகும்போதும் உங்க சாப்பாடுதானா?" என்றாள். "அவளுக்குன்னு சொல்லிக்க ஒண்ணுமே இருந்திருக்காதா சார்?"

ஆர்கிரோ இங்வில்ட் கையிலிருந்த மெழுகுவர்த்தியை வாங்கி, தானே ஏற்றி, தகரக் கோயிலுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். "பாவம். நல்ல பொண்ணாத்தான் இருந்திருக்கா," என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். வழி தெரிந்தவள் மாதிரி. வழி தெரிந்தவள்தானே. நான் கடைசியாகப் போனேன்.

ஊருக்குள் நுழைந்தால் மனூசோஸ் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு வெளிநாட்டுக்காரர்களைக் கண்டால் இங்கிலீஷ் பொங்கும்.

"வெல்கம்! வெல்கம் ஆர்கிரோ! மாப்பிள்ளை, கடைசியில பொண்டாட்டியையும் நடக்க வெச்சுட்டியா! எல்லாரும் பாருங்க, இவங்கதான் மிஸஸ் ஸ்ட்ராட்டிஸ்!"

ஏழு பேரும் அப்படியே நின்றார்கள். இங்வில்ட் அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். நாற்பது வருஷப் பள்ளிக்கூடம் அவள் முகத்தில் ஏறி உட்கார்ந்தது.

"ஸ்ட்ராட்டிஸ், எழுந்து நில்," என்றாள்.

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் நின்றேன்.

பிறகு ஆர்கிரோவிடம் திரும்பி, என்ன கேட்பதென்று தெரியாமல், "நீங்கள்… நலமா?" என்றாள்.

"இப்போ பரவாயில்லை," என்றாள் ஆர்கிரோ. "உங்க எல்லாரையும் அழ வெச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க. வாங்க, சாப்பிடலாம்."

மேல் தெருவில் அவள் வீட்டு முற்றத்தில் எனக்குத் தெரியாமல் முந்தின நாளே சமையல் நடந்திருக்கிறது. வாசனை சந்து வழியாக வந்து என்னை இழுத்தது. ஏழு பேரும் அவள் பின்னால் போனார்கள். நானும் ஒரு அடி வைத்தேன். அவள் திரும்பினாள்.

"நீங்க துக்கத்துல இருக்கீங்க சார். கறி சாப்பிடக் கூடாது."

மனூசோஸ் எனக்கு மத்தி டப்பா திறந்தான். மேலே சந்திலிருந்து கரண்டிச் சத்தமும் சிரிப்பும் வந்தபடி இருந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். தூரத்திலிருந்து கேட்டால் அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு பஸ். விருந்தாளிகள் ஏறி உட்கார்ந்தார்கள். யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆர்கிரோவைக் காணோம். ஓடினேன். முற்றத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"பஸ் கிளம்புது. வா."

"நீ போ."

"எப்ப வருவே?"

"செத்தவ திரும்பி வந்தா கீழே ஊர் பயந்துக்கும்."

"ஆர்கிரோ, அது சும்மா ஒரு பேச்சு. வாய் தவறி…"

"சமையல்கட்டுல இருந்தவளுக்கு சமாதி கட்டியிருக்கே. தகரத்துல. வாயா தவறிச்சு?"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். ஹாலந்திலிருந்து ஒரு தம்பதி எனக்கு அனுப்பிய அனுதாப அட்டை. வீட்டு விலாசத்துக்கே வந்திருந்தது.

"உனக்கு… இங்கிலீஷ் படிக்க வருமா?"

"பத்தொன்பது வருஷம் அவங்களுக்குச் சோறு போட்டேன். வாயை மூடிக்கிட்டா போட்டேன்?" என்றாள். "முதல்ல சிரிச்சேன் தெரியுமா? நெஜமா சிரிச்சேன். அப்புறம் பார்த்தா அதுல எழுதியிருக்கு, 'உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் பேசிய ஒவ்வொரு சொல்லிலும் அன்பு இருந்தது'ன்னு. அதைக் கேக்கணும்போல இருந்தது. அதுக்குத்தான் டிக்கெட் வாங்கினேன்."

"கேட்டேல்ல?"

"கேட்டேன். நல்லாத்தான் பேசினே."

"அப்புறம் என்ன? வா."

"அது நீ செஞ்சு வெச்சவ. அவகூட உனக்கு ஒத்துப்போகுது. உப்பு குறைவுன்னு அவகிட்ட நீ சொல்றதில்லே." தட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

பஸ் ஹாரன் அடித்தது. இறங்கி வந்தேன்.

இப்போது நடை என்னவோ நடக்கிறது. நான் வாயைத் திறப்பதில்லை. தகரக் கோயிலைப் பிடுங்கிவிட்டேன். மேலே போனதும் விருந்தாளிகள் ஆர்கிரோவின் முற்றத்துக்குப் போகிறார்கள், நான் மனூசோஸ் கடைக்குப் போகிறேன். கீழே வீட்டில் நானே சூப் வைக்கிறேன். உப்பு அதிகமாகிறது. யாரிடம் சொல்ல? 'மனைவியை இழந்தவன்' என்று இப்போது சொன்னால் அது முழு உண்மை. ஒருவரும் கையைப் பிடிப்பதில்லை.

ஒரு மாதம் இப்படிப் போனது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. சவரம் செய்துகொண்டேன். வெள்ளைச் சட்டை போட்டேன். விருந்தாளி யாருமில்லாமல் தனியாக ஏறினேன். கூட யாரும் இல்லாவிட்டால் அந்தப் பாதை ரொம்ப நீளம்.

ஆர்கிரோ முற்றத்தில் காட்டுக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருந்தது. உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

"வீட்டுக்கு வந்துடு," என்றேன்.

"எதுக்கு?"

"நீ இல்லாம வீடு… வீடு மாதிரியே இல்லே."

"அது வீட்டைப் பத்தி. என்னைப் பத்தி சொல்லு." கத்தியைக் கீழே வைத்தாள். "செத்தவளைப் பத்தி மூணு மணி நேரம் பேசினே. நான் உயிரோட உன் எதிர்ல உக்காந்திருக்கேன். என்னைப் பத்தி ஒரு வார்த்தை. ஒண்ணே ஒண்ணு போதும். இப்பவே பையைத் தூக்கிக்கிட்டு வரேன்."

விளையாட்டில்லை. உள்ளே கதவோரம் பை கட்டித் தயாராக இருந்தது, நான் பார்த்தேன். கீரைக் கறை படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். நான் ஜெயிக்க வேண்டும் என்று அவளே ஆசைப்படுவது தெரிந்தது. அதுதான் என்னை இன்னும் குழப்பியது.

வாயை மூடுவதில்லை என்று ஊர் உலகமெல்லாம் எழுதிவைத்த வழிகாட்டி நான். யோசித்தேன். அழகு என்று சொல்லலாம். அதைச் செத்தவளுக்குக் கொடுத்துவிட்டேன். தியாகம்; அதுவும் அவளுக்கே போய்விட்டது. கன்னத்துக் குழி இருக்கிறதா என்று பார்த்தேன். ஆர்கிரோ சிரித்தால்தானே தெரியும். அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்து வாசனை முற்றம் முழுக்கப் பரவியது. அவள் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"பசிக்குது," என்றேன்.